தீவைக் கேட்டீர்கள், கரையைச் சொல்கிறேன்

கேள்வி: அன்புள்ள அக்கா, நாங்கள் கனடாவில், ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற நகரில் இருக்கிறோம். கல்யாணமாகிப் பதின்மூன்று வருடமாகிறது. குடும்பமாகப் போன இடம் என்றால் நயாகராவும் மொன்றியலும்தான். வருகிற மார்ச் பிரேக் பள்ளி விடுமுறையில் ஒரு கிழமை ஏதாவது ஒரு கரீபியன் தீவுக்குப் போகலாம் என்று யோசிக்கிறோம். நான், கணவர், மகன் (11), மகள் (6), என் அம்மா (69). அம்மா சைவம். சலரோகமும் முழங்கால் வலியும் உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டும் பி.ஆர். காட் என்கிற கனடிய நிரந்தர வதிவிட அட்டையும்தான் அவரிடம் இருக்கிறது. கணவருக்கு வேலை இருப்பதால் இரண்டு நாள் பிந்தித்தான் வருவார். பக்கத்து வீட்டார் டொமினிக்கன் குடியரசின் புன்ரா கானாவில், தங்குவதும் சாப்பாடும் ஒரே கட்டணத்தில் அடங்குகிற ஓல் இன்குளூசிவ் எடுக்கச் சொல்கிறார்கள். கணவரோ, ‘எந்தத் தீவென்றால் என்ன, எல்லாம் கடலும் மணலும்தானே’ என்கிறார். ஒன்பதாயிரம் டொலருக்குள் முடியுமா? எங்கே போகலாம்?
ஒரு தாய், மார்க்கம்

பதில்: தங்கச்சி, உங்கள் கணவர் சொல்வதை நானும் ஒருகாலத்தில் நம்பினேன். இத்தனைக்கும் அப்போது பயண முகவராக நாலு வருட அனுபவம் எனக்கு. பார்படோஸின் கிழக்குக் கரையில், பத்சீபா என்ற ஊருக்குப் பக்கத்தில், சரிவில் இருந்த ஒரு வீட்டை எங்கள் குடும்பத்துக்கென்று நானே தெரிவு செய்தேன். படத்தில் அவ்வளவு வடிவு. யன்னலைத் திறந்தால் கடல், கடலுக்குள் காளான் மாதிரி அடி தேய்ந்து நிற்கும் பெரிய பாறைகள். வாடகையும் மலிவு.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. முதல் நாள் காலையிலேயே புது வாளியும் கையுமாகக் கரைக்கு இறங்கிவிட்டாள். அலை அவளுடைய உயரத்துக்கு மேலே எழும்பி வந்து விழுந்தது. ஆபிரிக்கக் கரை வரைக்கும் இடையில் ஒரு துண்டு நிலம் கிடையாது. அவ்வளவு தூரமும் காற்று தள்ளிக்கொண்டு வந்த அத்திலாந்திக் அலை அது. பலகையில் ஏறி அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் அந்தக் கரைக்கு ஆசையாசையாக வருவார்கள். ஆனால் நீந்தப் போனால் அடியில் ஓடும் நீரோட்டம் காலை வாரிவிடும். பக்கத்தில் இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா, மகளின் வாளியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ‘கடலுக்குப் பின்வாசல் இல்லை’ என்றார். பார்படோஸ்காரர்களின் பழமொழி அது. உள்ளே போய் மாட்டிக்கொண்டால் வெளியே வர வேறு வழி இல்லை என்பது பொருள். அந்தக் கிழமை முழுவதும், வற்று நேரத்தில் பாறைக்குழிகளில் தேங்கும் தண்ணீரில்தான் மகள் குளித்தாள். காரில் அரைமணி நேரம் போனால் மேற்குக் கரை. அங்கே கடல் எங்கள் ஊர்க் குளம் மாதிரிக் கிடந்தது.

அன்றிலிருந்து யார் வந்து எந்தத் தீவு நல்லது என்று கேட்டாலும், கடலில் இறங்கப் போகிற ஆள் யார் என்றுதான் நான் முதலில் கேட்பேன். உங்கள் வீட்டில் அது ஆறு வயது மகள். அவளுக்கு எந்தக் கரை சரியோ அதுதான் உங்கள் குடும்பத்துக்குச் சரியான இடம்.

புன்ரா கானாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டார் சொன்னது பிழையில்லை. சமைக்கவே கூடாது, பில் பார்க்கவே கூடாது, பிள்ளைகளை விளையாட விட்டுவிட்டு ஒரு கிழமை படுத்துக் கிடக்கவேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஓல் இன்குளூசிவ் நல்ல ஏற்பாடுதான். நானே நிறையப் பேரை அனுப்பியிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் தயங்குவதற்குக் காரணம் உங்கள் அம்மா. பெரிய பஃபேயில் சைவக்காரருக்குச் சோறும் சலாட்டும் பழமும் கிடைக்கும். முதல் நாள் சரி. மூன்றாம் நாள் அவர் அறையிலிருந்து வரவே மாட்டார். சலரோகக்காரர் பாணும் கேக்கும் தின்று நாளைக் கடத்தக்கூடாது. அடுத்தது, அந்த ஹொட்டேல்கள் பல ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கும். அறையிலிருந்து சாப்பாட்டு மண்டபத்துக்கு, அங்கிருந்து கடலுக்கு என்று நடந்தே முழங்கால் போய்விடும்.

எனக்குச் சூடுவைத்த அதே பார்படோஸைத்தான் உங்களுக்கும் சொல்லப்போகிறேன். கரையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

தீவு முழுவதும் 34 கிலோமீற்றர் நீளம், 23 கிலோமீற்றர் அகலம், அவ்வளவுதான். மேற்குக் கரையில் கடல் அமைதி. ஆனால் பணக்காரர்களின் கரை, வாடகையைக் கேட்டால் தலை சுற்றும். கிழக்குக் கரையின் கதையைச் சொல்லிவிட்டேன். தென்கிழக்கில் கிரேன் பீச் என்று ஒன்று உண்டு. மணல் இளஞ்சிவப்பு, பார்க்கப் போகலாம், ஆனால் அங்கேயும் அலை பெரிது. நீங்கள் தேடவேண்டியது தலைநகர் பிரிஜ்டவுனுக்குத் தெற்கே ஹேஸ்டிங்ஸ், ரொக்லி, வேர்திங் என்று வரிசையாக வருகிற துண்டு. வேர்திங்கில் கரைக்கு வெளியே பவளப்பாறை மதில் மாதிரி நிற்பதால் அலை அங்கேயே உடைந்துவிடும். உள்ளே ஆழம் குறைந்த தண்ணீர், உங்கள் மகளுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஹேஸ்டிங்ஸிலிருந்து ரொக்லி வரை கடலோரமாக ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றருக்கு ஒரு நடைபாதை இருக்கிறது. மேடு பள்ளம் இல்லை, இருக்க வாங்குகள் உண்டு. மாலை ஐந்து மணிக்கு அம்மாவை அங்கே கூட்டிப்போங்கள்.

தெற்குக் கரையில் ஒரு தொல்லையும் உண்டு. சர்காசம் என்ற பழுப்புநிறக் கடற்பாசி 2011 இலிருந்து கரீபியன் முழுக்க ஒதுங்குகிறது. வசந்தகாலத்திலிருந்து ஆகஸ்ட் வரை கூடுதல். ஒதுங்கிக் கிடந்து அழுகினால் கூழ்முட்டை மணக்கும். பார்படோஸில் கிழக்கும் தெற்கும்தான் அடிவாங்கும் கரைகள். மார்ச்சில் நீங்கள் போகும் கிழமை பாசி வந்திருந்தால் பயப்படவேண்டாம், காரில் சிறிது தூரம் வடக்கே போய்க் கார்லைல் குடாவில் இறங்குங்கள். அது மேற்குப் பார்த்த வளைகுடா, பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். மூழ்கிய பழைய கப்பல்களும் கடலாமைகளும் அங்கேதான். படகில் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். மகனுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டால் போதும், வெளியே கூப்பிட்டாலும் வரமாட்டான். ஆமையைத் தொடக்கூடாது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இன்னொன்று: பார்படோஸில் எல்லாக் கடற்கரையும் பொது. எவ்வளவு பெரிய ஹொட்டேல் முன்னால் இருந்தாலும் மணலில் போய் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு.

தங்குவதற்கு ஹொட்டேல் வேண்டாம். சமையலறையோடு இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் எடுங்கள். எடுக்கும் முன் உரிமையாளரிடம் கேளுங்கள்: எத்தனையாம் மாடி, வாசலுக்கு எத்தனை படி, குளியலறையில் தொட்டியா தட்டையான தளமா. ‘கடலுக்கு இரண்டு நிமிட நடை’ என்று விளம்பரத்தில் இருக்கும். அந்த இரண்டு நிமிடம் வாகனம் பறக்கும் பெரிய தெருவைக் கடக்கவேண்டிய இரண்டு நிமிடமா என்பதையும் கேளுங்கள்.

சமையலறை ஏன் என்கிறேன் என்றால், சனிக்கிழமை பிரிஜ்டவுனில் சீப்சைட் சந்தைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். ஈரப்பலாக்காய் குவிந்து கிடக்கும். வற்றாளைக் கிழங்கு, பூசணி, வெண்டைக்காய், பச்சை வாழைக்காய், தேங்காய். மார்க்கத்துக் கடையில் உறைய வைத்த பொதியில் ஈரப்பலாக்காய் வாங்கிப் பழகிய அவர், முழுக்காயைக் கையில் எடுத்துக் காம்பில் பால் வடிவதைப் பார்ப்பார். அதற்குப் பிறகு உங்களுக்கு அடுப்படியில் இடமில்லை. கறித்தூள் சுப்பர்மார்க்கெட்டிலேயே கிடைக்கும். அது திரினிடாட் பக்கத்து ருசி, எங்கள் நாக்குக்குக் கொஞ்சம் மந்தம். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளைக் கடைப் பொதியில் ஒட்டியபடியே கொண்டுபோங்கள். கறிவேப்பிலை, பச்சைமிளகாய் போன்ற பச்சைப் பொருட்களைப் பெட்டியில் வைக்காதீர்கள், விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள்.

ஊர்ச் சாப்பாட்டிலும் அம்மாவுக்கு ஏதாவது கிடைக்கும், ஆனால் கேட்டுத்தான் வாங்கவேண்டும். கூ-கூ என்பது சோளமாவையும் வெண்டைக்காயையும் போட்டு மரத்துடுப்பால் கிண்டிக் கிண்டி எடுக்கிற களி. அதன்மேல் மீன் குழம்பை ஊற்றித்தான் தருவார்கள். எங்கள் கரையில் கோலா என்போமே, அந்தப் பறக்கும் மீனும் கூ-கூவும் சேர்ந்ததுதான் அங்கே தேசிய உணவு. அம்மாவுக்குக் களியை மட்டும் தனியாகக் கேளுங்கள். சோறும் பயறும் சேர்த்துச் சமைப்பதைச் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், உப்பிட்ட இறைச்சித்துண்டு போட்டு வேகவைப்பது அங்கே வழக்கம். சீஸ் போட்டுச் சுடுகிற ‘மக்கரோனி பை’ என்ற பண்டம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை இரவு ஒயிஸ்டின்ஸ் என்ற தெற்குக் கரை மீனவர் ஊரில் மீன் பொரிப்புத் திருவிழா மாதிரி நடக்கும். நீங்களும் கணவரும் பிள்ளைகளும் போங்கள். புகையும் பாட்டுச் சத்தமும் அம்மாவுக்குச் சரிவராது. அவர் வீட்டில் புட்டோடு நிம்மதியாக இருக்கட்டும்.

சரி, பயணத்துக்கு வருவோம். ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்திலிருந்து பிரிஜ்டவுனுக்கு நேரடி விமானம் உண்டு. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். மயாமி வழியாக மாறிப்போகும் ரிக்கெட் மலிவாகக் கண்ணில் படும். அதைத் தொடவே தொடாதீர்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். கனடிய பி.ஆர். காட் அதற்கு உதவாது. ரிக்கெட் வாங்கிவிட்டு விமான நிலையத்தில் ஐந்து பேரில் ஒருவரை ஏற்ற மறுத்த காட்சியை நான் பார்த்திருக்கிறேன். பாட்டியை விட்டுவிட்டுப் போக எந்தப் பிள்ளை சம்மதிக்கும்? பார்படோஸின் நுழைவு விதியையும் ரொறன்ரோவில் உள்ள அவர்களுடைய துணைத்தூதரகத்தில், காசு கட்டும் முன், மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் கணவர் பிந்தி வருவதால், பிள்ளைகளோடு நீங்கள் தனியாக நாட்டைவிட்டுப் போக அவர் சம்மதம் என்று ஒரு கடிதம் எழுதி, சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னிலையில் ஒப்பமிட்டுக் கையில் வைத்திருங்கள். சில வேளை கேட்பார்கள், சில வேளை கேட்கமாட்டார்கள்.

ஒன்பதாயிரம் போதுமா? இழுத்துப் பிடித்தால் போதும். மார்ச் பிரேக்கில் ஐந்து ரிக்கெட் என்றால் பாதிக்கு மேல் விமானத்துக்கே போய்விடும். அதனால்தான் செப்ரெம்பர், ஒக்டோபரிலேயே வாங்கச் சொல்கிறேன். தை பிறந்தபிறகு பார்த்தால் விலை உங்களைப் பார்த்துச் சிரிக்கும். சனிக்கிழமை போய்ச் சனிக்கிழமை வருவதைவிடக் கிழமை நடுவில் புறப்பட்டால் மிச்சம் பிடிக்கலாம். பிள்ளைகள் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அங்கே பெரும்பாலான பொருட்கள் இறக்குமதி என்பதால் சாப்பாட்டு விலை கூட. சமையலறை காசையும் காப்பாற்றும். இன்னொரு விஷயம், பார்படோஸ் டொலர் என்று தனியாக ஒன்று உண்டு. 1975 முதல் இரண்டு பார்படோஸ் டொலர் ஒரு அமெரிக்க டொலர் என்று கட்டிவைத்திருக்கிறார்கள். விலைப்பலகையில் வெறும் டொலர் குறிதான் இருக்கும். படகுக்காரரிடமும் டக்சிக்காரரிடமும் ‘எந்த டொலர்?’ என்று கேட்டுவிட்டுத் தலையாட்டுங்கள். டக்சியில் மீற்றர் கிடையாது, ஏறும் முன் விலை பேசவேண்டும்.

கணவர் வந்தபிறகு மூன்று நாளுக்குக் கார் எடுத்தால் போதும். வாகனம் இடப்பக்கம் ஓடும். இலங்கையில் ஓட்டியவர் என்றால் அரைமணி நேரத்தில் கை பழகிவிடும். வாடகைக் காரின் இலக்கத்தகடு ‘எச்’ எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்ததும் ஊர்க்காரர்கள் வெளியூர் ஆள் என்று பொறுத்துப் போவார்கள். பஸ்ஸும் நல்லது. எங்கே இறங்கினாலும் மூன்றரை பார்படோஸ் டொலர். தரிப்பிடப் பலகையில் ‘நகருக்கு’ அல்லது ‘நகருக்கு வெளியே’ என்று மட்டும் எழுதியிருக்கும், அதைப் பார்த்து ஏறினால் வழிதவற முடியாது. ஒருமுறையாவது வெள்ளை நிற சிறு வானில் பிள்ளைகளை ஏற்றுங்கள். பாட்டு அதிரும், ஆட்கள் நெருக்கியடித்து இருப்பார்கள், மகன் வந்து வகுப்பில் அதைத்தான் சொல்வான்.

கணவர் கிரிக்கெட் பைத்தியம் என்றால் பிரிஜ்டவுனில் இருக்கும் கென்சிங்டன் ஓவல் மைதானத்தைக் காட்டாமல் கூட்டிவர முடியாது. வாசலில் கார்ஃபீல்ட் சோபர்ஸின் சிலை நிற்கிறது. 2007 ஏப்ரல் 28 அன்று உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் அவுஸ்திரேலியாவின் கில்கிறிஸ்ட் 149 அடித்து இலங்கையை அழவைத்த மைதானம் அது. கடைசி ஓவர்கள் பந்தே தெரியாத இருட்டில் நடந்தன. எங்கள் வீட்டில் அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை. 2024 இல் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் எல்லைக்கோட்டருகே இந்தியாவின் சூர்யகுமார் பிடித்த அந்தப் பிடியும் இங்கேதான். உங்கள் மகனுக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கும். இருவரையும் அங்கே விட்டுவிட்டு நீங்கள் கடலுக்குப் போகலாம்.

பெட்டி கட்டும்போது மகனின் உடுப்பைப் பாருங்கள். ஆமிக்காரர் போடுகிற மாதிரிப் புள்ளித்துணி, தொப்பியோ பையோ காற்சட்டையோ எதுவானாலும், பார்படோஸில் சட்டப்படி தடை. பிள்ளைகளுக்கும் அதே சட்டம். கடற்கரையில் மஞ்சினீல் என்றொரு மரம் நிற்கும், காய் சின்னப் பச்சை அப்பிள் மாதிரி. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், காயைத் தின்றால் ஆஸ்பத்திரிதான். மழைக்கு அதன் கீழே ஒதுங்கினால்கூட இலையிலிருந்து வடியும் தண்ணீர் சுடும். பல மரங்களில் சிவப்புப் பட்டை தீட்டியோ பலகை மாட்டியோ வைத்திருப்பார்கள். கீழே கிடக்கும் எந்தக் காயையும் எடுக்கக்கூடாது என்று மகளுக்கு விமானத்திலேயே சொல்லிவிடுங்கள். வெயிலைப் பற்றி, ‘எங்களுக்குத் தெரியாத வெயிலா’ என்று நினைக்கவேண்டாம். எப்போதும் காற்று வீசுவதால் சுடுவது தெரியாது, இரவில்தான் தோள் எரியும். பிள்ளைகள் மார்க்கத்துப் பனியிலிருந்து நேரே வருகிறவர்கள். காலை பத்துக்கு முன்னும் மூன்றுக்குப் பின்னும் கடல், நடுவில் நித்திரை. ஆறரைக்குள் இருட்டிவிடும். நுளம்புக்குப் பூச்சுத் தைலம் கொண்டுபோங்கள், டெங்கு உண்டு. குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், சுண்ணாம்புக்கல் வழியாக வடிந்து வருகிற நிலத்தடி நீர்.

திட்டம் போடுகிறேன் என்று ஒவ்வொரு நாளையும் அடைக்காதீர்கள். ஹரிசன்ஸ் குகைக்கு ஒருநாள் போங்கள். நிலத்துக்கு அடியில் சிறிய ட்ராம் வண்டியிலேயே கூட்டிப்போவதால் அம்மாவும் இருந்தபடி பார்க்கலாம். இன்னொரு நாள் காரில் கிழக்குக் கரைக்குப் போய், என்னை ஏமாற்றிய பாறைகளைத் தூரத்தில் நின்று பாருங்கள். மற்ற நாட்கள் சும்மா இருக்கட்டும்.

கடைசியாகக் காப்புறுதி. இதில்தான் எல்லாரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஒஹிப் வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவில் ஒரு துளிதான் தரும், ஆகவே ஐந்து பேருக்கும் பயணக் காப்புறுதி எடுங்கள். அம்மாவுடையதில் ‘உடல்நிலை மாறாமல் இருக்கவேண்டிய காலம்’ என்று ஒரு பந்தி இருக்கும், தொண்ணூறு நாளோ நூற்றெண்பது நாளோ என்று. அந்தக் காலத்துக்குள் மருந்தை மாற்றினால், அந்த நோய்க்குக் காசு தராமல் போகலாம். என்னிடம் வந்த ஒருவரின் தகப்பனாருக்குப் புறப்படுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் டொக்டர் பிரஷர் குளிசையைப் பாதியாகக் குறைத்தார். நல்ல செய்திதானே என்று எல்லாருக்கும் சந்தோஷம். அங்கே போய்ப் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் படுத்தபோது, குறைத்ததும் மாற்றம்தான் என்று காப்புறுதிக்காரர் கையை விரித்துவிட்டார். குடும்ப டொக்டரிடம் பயணத் திகதியை இப்போதே சொல்லி, மாற்றவேண்டிய மருந்து இருந்தால் நேரகாலத்தோடு மாற்றச் சொல்லுங்கள். குளிசைகள் மருந்துக்கடைப் போத்தலிலேயே, கைப்பையில் வரட்டும்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு ரிக்கெட் தேட உட்காராதீர்கள். அம்மாவின் பி.ஆர். காட்டை எடுத்து முடிவுத் திகதியை முதலில் பாருங்கள். காட் காலாவதியானால் திரும்பி வரும்போது பிரிஜ்டவுனில் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். மார்ச்சுக்கு முன்னோ மார்ச்சுக்குக் கிட்டவோ முடிகிறதென்றால், இந்தக் கிழமையே புதுப்பிக்கக் கொடுங்கள்.